கடல் கடக்குமுன்

(தேனாம்பேட்டையில் நடைபெற்ற நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அவர்கள் முதலில் ‘கல்வியின் பெருமை’ என்னும் தலைப்பில் பேசுமாறுதான் கேட்டார். நான் இசையவில்லை. இந்தச் சங்கத்தில் வந்து கல்வியின் பெருமையைப் பேசுவது கொல்லர் தெருவில் ஊசி விற்பதை ஒக்கும். அதற்கு மாறாக வேறொன்றைப் பேச அனுமதி கேட்டேன். சென்ற ஓராண்டில் என் பழைய மாணவர் பதினொருவர் வெளிநாடு செல்லும் பொருட்டுப் பெயர்த் திருத்தம் வேண்டியும், சான்றிதழில் கையொப்பம் வேண்டியும் என் அறைக்கு வந்தனர். அவர்களுள் நால்வர் காலங்கடந்து வந்தனர். இருவர் பணத்தைக் கட்டிய பிறகு வந்தனர். ஆகவே, நாடு விட்டு நாடு போய்ப் பிழைக்க எண்ணுவோர் புறப்படுமுன் செய்யவேண்டியவை யாவை என்பதையே இன்று பேசப்போகிறேன்.

நம்மவர்க்குக் கடல் கடத்தல் புதிதன்று. கடல் கடந்தால் சாதி கெடும் என்று பிறர் அஞ்சியிருந்த நாளில், கெடுவதற்கு அப்படியொரு பெருமை நமக்கு இருந்ததில்லை. ஊரில் நின்றால் பட்டினி, கப்பல் ஏறினால் கூலி என்பதே நம் முன்னோர் அறிந்த கணக்கு. சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற முதல் ஒப்பந்தக் கூலிகள் அதில் இருந்தார்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம், முதலாண்டில் மாதம் 10 ஷில்லிங் கூலி. அந்த ஒப்பந்தத் தாளை எழுத்தறிந்து படித்துக் கையொப்பமிட்டவர் எத்தனை பேர் இருந்திருப்பர் என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலோர் கைநாட்டு வைத்தவர்களே.

இலங்கைக்கும் மலேயாவுக்கும் போனவர்களை அழைத்துச் சென்றவர் கங்காணி. அவர் வெளியாள் அல்லர். பல வேளைகளில் ஊர்க்காரர், சில வேளைகளில் உறவினர். வழிச்செலவு, அரிசி, துணி என்று அவர் கொடுத்த முன்பணம் யாவும் கடனாக ஏறியது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் ‘துண்டு’ என்று ஒரு தாள் இருந்தது. இந்தத் தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதைத் தீர்ப்பவரிடம் இவரை அனுப்ப ஆட்சேபணை இல்லை என்பது அதன் பொருள். துண்டு இல்லாமல் ஒருவர் ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டத்தில் வேலைக்குச் சேர முடியாது. ஆளோடு கடனும், கடனோடு ஆளும் கைமாறின. 1921-ஆம் ஆண்டில்தான் அம்முறை சட்டத்தால் ஒழிந்தது. ‘துண்டு’ என்னும் அந்தச் சொல்லை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதற்குத் திரும்பி வருகிறேன்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நம் சமூகத்துப் பெருவணிகர் பி.எம். மதுரைப்பிள்ளை ரங்கூனில் தொழில் செய்து செல்வம் ஈட்டிக் கல்விக்கு வாரி வழங்கினார். அவருடைய பேத்தி அன்னை மீனாம்பாள் 1904-ஆம் ஆண்டு ரங்கூனிலே பிறந்தவர். ‘பறையன்’ இதழை 1893-இல் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசனார் 1900-ஆம் ஆண்டளவில் கடல் கடந்து, பின்னர்த் தென்னாப்பிரிக்காவில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றி, 1921-இல்தான் தாயகம் திரும்பினார். நம்மவர் கைநாட்டு வைத்துக் கரும்பு வெட்டிய அதே நாட்டில், நம்மவர் ஒருவர் பேனா பிடித்து, இரு மொழிகளுக்கும் நடுவே நின்று சம்பளம் வாங்கினார். இருவரும் ஒரே சென்னைத் துறையைச் சேர்ந்தவர்கள், ஒரே சமூகத்தவர்கள். தம் கையில் இருக்கும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பது ஒருவருக்குத் தெரியும், மற்றவருக்குத் தெரியாது. வேறுபாடு அவ்வளவுதான். இன்று நான் பேசுவதும் அந்தத் தாளைப் பற்றித்தான்.

முதல் தாள் பள்ளியில் பிறக்கிறது. இங்கே நான் என் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் இடைநிலை ஆசிரியராகத் தொடக்கப் பள்ளியொன்றில் பணியில் சேர்ந்த காலத்தில், ஊர்ப்பக்கத்திலிருந்து பிழைக்க வந்த தாய் ஒருவர் பிள்ளையை அழைத்து வருவார். பிறந்த தேதி என்ன என்று கேட்டால், “பெரிய மழை பெஞ்ச வருஷம் சார்” என்பார். ஐந்து வயது நிரம்பியதாகக் கணக்கு வரும்படி ஒரு தேதியை நாங்களே எழுதிக்கொள்வோம். என் கையெழுத்தில் உள்ள பதிவேடுகளைப் புரட்டினால் பாதிப் பிள்ளைகள் மே மாதத்திலும் ஜூன் மாதத்திலும் பிறந்திருப்பார்கள்! பின்னாளில் மாநகராட்சிப் பிறப்புச் சான்று ஒரு தேதியைச் சொல்லும். மாற்றுச் சான்றிதழ் வேறொரு தேதியைச் சொல்லும். ஆதார் மூன்றாவது ஒன்றைச் சொல்லும். பாஸ்போர்ட் அலுவலகத்தார் மூன்றையும் மேசையில் வைத்து ‘இவற்றுள் நீ எவன்?’ என்று கேட்கும்போது பையன் விழிக்கிறான். அவன் விழிப்பதற்கு நாங்கள் காரணம்.

பள்ளியிறுதித் தேர்வு எழுதுமுன் தலைமையாசிரியர் வாயிலாகத் திருத்தம் கேட்பது எளிது. மதிப்பெண் பட்டியல் அச்சாகி வந்துவிட்டால் அது நெடும் பயணம். ஒன்பதாம் வகுப்பில் பிள்ளை படிக்கும் பெற்றோர் இன்றிரவே பெட்டியைத் திறந்து, பிறப்புச் சான்றையும் பள்ளிச் சான்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிறப்புச் சான்றில் ‘ஆண் குழந்தை’ என்று மட்டும் இருந்து பெயர் எழுதப்படாமல் விட்டிருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2023-ஆம் ஆண்டு அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட்டுக்கான பிறந்த தேதிச் சான்று பிறப்புச் சான்றிதழ் ஒன்றே என விதி வந்துவிட்டது. இன்று மடியில் தவழும் குழந்தைக்கு அதைக் காத்து வைப்பதும் ஒரு சேமிப்பு.

அடுத்து, பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துத்தான் உண்டு. ‘கு. சேகர்’ என்றால் குப்புசாமி மகன் சேகர் என்பது நமக்கு விளங்கும், பிறநாட்டுக் குடியேற்ற அதிகாரிக்கு விளங்காது. விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்னும் கட்டத்தைத் தரகர் காலியாக விட்டுவிடுவார். 2022-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா, வருகை விசாக்களில் நுழைவு இல்லை என்று அறிவித்தது. பின்னர்ச் சில தளர்வுகள் வந்தன. ஆயினும் அந்த வாரத்தில் விமான நிலையத்திலிருந்து வீடு திரும்பியவர்களுக்கு அத்தளர்வு உதவவில்லை. தந்தை பெயரை முழுமையாக விரித்து எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுத்துக்கு எழுத்து எல்லாச் சான்றிலும் ஒரேபடியாக இருக்கட்டும். தந்தை பெயர் ஓரிடத்தில் ‘குப்பன்’, ஓரிடத்தில் ‘குப்புசாமி’ என்றிருந்தால் அவர் இருவராகிவிடுவார். நம் பாட்டன்மார்க்கு ‘சாமி’ என்று முடியும் பெயர் எழுதவே மறுத்த ஊர்களும் உண்டு என்பதை நான் மறக்கவில்லை. ஆனால் குடியேற்ற அதிகாரி அந்த வரலாற்றைக் கேட்கமாட்டார்.

நிற்க. பத்தாம் வகுப்புத் தேர்ச்சிக்கு ஒரு தனிப் பயன் உண்டு என்பது உங்களுள் பலருக்குத் தெரிந்திருக்கும். 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ், பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் ‘குடிபெயர்வு அனுமதி தேவை’ என்னும் குறிப்பு இடப்படுகிறது. அவர்கள் சவூதி அரேபியா, குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், ஐக்கிய அரபு அமீரகம், மலேசியா முதலிய 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல வேண்டுமானால் குடிபெயர்வோர் காப்பாளரின் அனுமதி பெறவேண்டும். சென்னையில் அந்த அலுவலகம் உண்டு. பத்தாம் வகுப்புத் தேறியவர்க்கு அந்தத் தடை இல்லை.

தடை என்றேனே, அது சரியான சொல்லா என்று பல நாள் எண்ணியிருக்கிறேன். தேறாதவன் செல்லும்போது அவனுடைய வேலை ஒப்பந்தத்தை அரசு ஒருமுறையேனும் பார்க்கிறது; முகவர் யார், முதலாளி யார் என்று கேட்கிறது; காப்பீடு எடுத்தானா என்று பார்க்கிறது. தேறியவனை யாரும் கேட்பதில்லை. படித்தவன் தன்னைத் தானே காத்துக்கொள்வான் என்பது சட்டத்தின் நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு நாம் தகுதியாக இருக்கிறோமா? தாய்லாந்தில் கணினி வேலை, நல்ல சம்பளம் என்று சொல்லி அழைத்துச் செல்லப்பட்ட தமிழ் இளைஞர்கள் எல்லை கடத்தப்பட்டு மியான்மர் நாட்டின் மியாவடியில் அடைத்து வைக்கப்பட்டனர். இணையத்தில் பிறரை ஏமாற்றும் வேலையைச் செய்யச் சொல்லி அவர்களை வதைத்தனர். 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் அவர்களுள் 13 பேர் தமிழக அரசின் முயற்சியால் சென்னை வந்திறங்கினர். அவர்கள் எழுத்தறியாதவர்கள் அல்லர், கணினி கற்றவர்கள். பாஸ்போர்ட்டில் அனுமதிக் குறிப்பு இல்லாதவர்கள், சுற்றுலா விசாவில் போனவர்கள். ஆகவே, என் மாணவர்களே, தேர்ச்சி பெற்றவர்கள் தேறாதவனுக்கு அரசு கேட்கும் கேள்விகளையெல்லாம் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அக்கேள்விகள் கடினமானவை அல்ல. முகவர்க்கு அரசின் பதிவு எண் உண்டா என்பது முதல் கேள்வி. மத்திய அரசின் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் அந்த எண்ணை இட்டுப் பார்த்தால் உண்மை தெரியும். கைப்பேசி உள்ள எந்தப் பையனும் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். துணை முகவர் என்று சட்டத்தில் யாருமே கிடையாது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, ‘பெரிய ஆபீஸ் அண்ணா சாலையில் இருக்கு’ என்று சொல்லிப் பாஸ்போர்ட்டுகளை வாங்கிப் பையில் போடுகிறாரே, அவர் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாதவர். அவரிடம் கொடுத்த பணமும் அப்படித்தான். பதிவு பெற்ற முகவர் வேலை தேடுவோரிடம் வாங்கத்தக்க கட்டணம் 30,000 ரூபாய், அதன்மேல் சரக்கு சேவை வரி 18 விழுக்காடு. ஆக 35,400 ரூபாய். அதற்கு ரசீது தரவேண்டும். நம் தெருக்களில் ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று சர்வ சாதாரணமாகப் பேசிக்கொள்கிறார்கள். கிண்டியில் அரசே நடத்தும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருந்துவருகிறது. தேனாம்பேட்டையிலிருந்து பேருந்தில் அரை மணி நேரம். அங்கே பெயரைப் பதிந்து வைத்திருப்பவர் இந்த மண்டபத்தில் எத்தனை பேர்? கை தூக்குங்கள். ... பார்த்தீர்களா, மூன்று கைகள்.

இனி ‘துண்டு’க்கு வருகிறேன். என் மாணவன் ஒருவன் வளைகுடா நாடொன்றுக்குப் போனான். பெயர் சொல்லவில்லை, அவன் தாயார் இங்கே இருக்கக்கூடும். மின்பணி உதவியாளர், மாதம் 35,000 ரூபாய் என்றார் முகவர். கட்டிய பணம் 1,60,000. அதை அவன் தாயார் நூற்றுக்கு ஐந்து ரூபாய் மாத வட்டிக்கு வாங்கினார். அங்கே போய்ச் சேர்ந்தபின் வேறொரு தாளில் கையொப்பம் கேட்டார்கள். வேலை துப்புரவு, சம்பளம் நம் பணத்தில் 20,000. இப்போது பத்தாம் வகுப்புக் கணக்காகவே போடுங்கள். மாத வட்டி 8,000. அவன் சாப்பாடும் கைப்பேசியும் 6,000. மிச்சம் 6,000-த்தில் இங்கே ஒரு குடும்பம் வாழவேண்டும். இரண்டாண்டு முடிந்தபோது அவன் கட்டிய வட்டி மட்டும் 1,92,000. அசல் 1,60,000 அப்படியே நின்றது. கடனைத் தீர்க்க மீண்டும் அதே கம்பெனிக்குப் போனான். வேறு வேலைக்கு மாற முடியாது; வட்டிக்காரர் வீட்டு வாசலில் நிற்கிறார். 1921-இல் ஒழிந்ததாக நான் சொன்ன அந்தத் துண்டு வேறெங்கே இருக்கிறது, சொல்லுங்கள்?

எனவே, கடன் வாங்கித்தான் தீரவேண்டும் என்றால் வங்கியில் வாங்குங்கள். வங்கி கொடுக்காத அளவுக்கு முகவர் கேட்டால் அந்த வேலை வேண்டாம். பணம் கட்டுமுன் மருத்துவச் சோதனையை முடித்துவிடுங்கள். வளைகுடா நாடுகளுக்கான சோதனையில் மார்பு ஊடுகதிர்ப் படம் எடுப்பார்கள். எப்போதோ வந்து குணமான காசநோயின் வடு நுரையீரலில் இருந்தாலும் தகுதியில்லை என்று எழுதிவிடக்கூடும். நெருக்கமான குடியிருப்புகளில் வாழும் நமக்கு இது அரிய நோயன்று. பணம் கட்டிய பிறகு அந்த வடுவைக் கண்டுபிடிப்பதில் பயனில்லை. அதேபோல், கூட்டத்தோடு கூட்டமாகப் பெயர் சேர்க்கப்பட்ட வழக்கு ஏதேனும் ஒருவர்மீது இருந்தால் அதை மறைக்கவேண்டாம். நீதிமன்ற அனுமதி பெற்றுப் போக வழியுண்டு. மறைத்தால் கையில் உள்ள பாஸ்போர்ட்டும் போகும். நம் பையன்கள் பெயர் இத்தகைய வழக்குகளில் ஏன் எளிதில் சேர்கிறது என்பது வேறொரு கூட்டத்தில் பேசவேண்டியது.

வேலை ஒப்பந்தத்தில் வேலையின் பெயர், அந்நாட்டு நாணயத்தில் சம்பளம், வேலை நேரம், தங்குமிடமும் உணவும் யார் பொறுப்பு, திரும்பி வரும் பயணச்சீட்டை யார் வாங்குவது, எத்தனை ஆண்டு என்பவற்றை விரல் வைத்துப் படியுங்கள். ஆங்கிலம் விளங்கவில்லையானால் விளங்குகிறவரிடம் போங்கள். அதற்காகத்தான் இந்தச் சங்கம் இருக்கிறது. விசாவில் எழுதியுள்ள வேலையும் ஒப்பந்தத்தில் உள்ள வேலையும் ஒன்றுதானா என்று பாருங்கள். ‘வருகை விசாவில் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்’ என்று ஒருவர் சொன்னால், அவரிடமிருந்து பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். எல்லாத் தாளுக்கும் ஒரு நகல் தாயாரிடமோ மனைவியிடமோ இருக்கட்டும்.

காப்பீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். குடிபெயர்வு அனுமதி பெற்றுச் செல்வோர்க்குக் கட்டாயமான ‘பிரவாசி பாரதிய பீமா யோஜனா’ என்னும் காப்பீட்டுக்கு இரண்டாண்டுக்கு 275 ரூபாய், மூன்றாண்டுக்கு 375 ரூபாய் கட்டினால் போதும். விபத்தில் மரணமோ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் 10 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். 2024-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பில் ஏற்பட்ட தீயில் நாற்பதுக்கும் மேற்பட்ட இந்தியர் இறந்தனர். அவர்களுள் எழுவர் நம் தமிழ்நாட்டவர். இரண்டு சினிமாச் சீட்டின் விலையைக் காப்பீட்டில் மிச்சம் பிடிப்பவர்களை நான் கண்டிருக்கிறேன்.

இவ்விடத்தில் பாபாசாகேப் அம்பேத்கரின் வாழ்விலிருந்து ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அவர் 1913-ஆம் ஆண்டு நியூயார்க் சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தார் என்பது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். பரோடா அரசின் உதவித்தொகை பெற, திரும்பி வந்து பத்தாண்டு அவ்வரசில் பணிபுரிவதாக அவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டே போனார். 1917-இல் உதவித்தொகைக் காலம் முடிந்து, இலண்டன் படிப்பைப் பாதியில் நிறுத்தித் திரும்பியபோது, அவருடைய புத்தகங்களும் பெட்டிகளும் வந்த கப்பல் போரில் மூழ்கடிக்கப்பட்டது. அந்தச் சாமான்களுக்குக் கிடைத்த இழப்பீட்டுத் தொகையைக் கொண்டுதான் அவர் பரோடாவுக்குப் பயணச் செலவு செய்தார். பொருளாதாரம் படித்தவர் அல்லவா, பெட்டிக்கும் காப்பீடு வைத்திருந்தார். ஆனால் பரோடாவில் தங்க வீடு கொடுப்பதற்கு ஆளில்லை என்பது அதன் பின்கதை. அதற்கு எந்தக் காப்பீடும் இருக்கவில்லை. மும்பையில் பேராசிரியராகச் சேர்ந்து, சம்பளத்தில் மிச்சம் பிடித்து, நண்பரிடம் கடனும் வாங்கி, 1920-இல் மீண்டும் இலண்டன் போய்ப் படிப்பை முடித்தார்.

படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு இன்று அந்தத் துன்பம் முழுவதும் இல்லை. மத்திய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை 1954-55 முதல் நடைமுறையில் உள்ளது. தகுதித் தேர்வில் 60 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். வயது 35-க்குள் இருக்கவேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்கவேண்டும். நம் மாநில ஆதிதிராவிடர் நலத்துறையின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டத்தில் ஆண்டொன்றுக்கு 36 லட்ச ரூபாய் வரை கிடைக்கிறது. மத்திய திட்டத்தில் 2022-ஆம் ஆண்டு ஒரு விதியைச் சேர்த்தார்கள்: இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு இந்த உதவி இல்லை என்று. சாதியைப் பற்றிக் கொலம்பியாவில் கட்டுரை வாசித்த அம்பேத்கர் இன்று விண்ணப்பித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிக்கொள்கிறேன். அது கிடக்கட்டும். வருமானச் சான்று, சாதிச் சான்று, சேர்க்கைக் கடிதம் இம்மூன்றும் இறுதி நாளுக்கு ஒரு மாதம் முன்பே கையில் இருக்கவேண்டும். வட்டாட்சியர் அலுவலகம் நம் அவசரத்துக்கு ஓடாது.

பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியே ஒரு சொல். நம் குடும்பங்களில் செவிலியர் படிப்புப் படித்த பெண்கள் பெருகிவருகிறார்கள். அதில் எனக்கு மிகுந்த பெருமை. குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்டுள்ள பெண்களும், மேற்சொன்ன நாடுகளுக்குச் செல்லும் செவிலியரும் அரசு சார்ந்த நிறுவனங்கள் வாயிலாகவே செல்லவேண்டும் என்று விதி உள்ளது. வீட்டு வேலைக்கு என்று முப்பது வயது நிரம்பாத பெண்ணை யாரேனும் அழைத்தால், அந்த அழைப்பே சட்டத்துக்கு மாறானது.

பெட்டி கட்டும் நாளுக்கு வருவோம். தாய்மார்கள் அன்போடு கறிமசாலா அரைத்துக் கொடுப்பீர்கள். அதில் கசகசா போடாதீர்கள். ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவூதியிலும் சிங்கப்பூரிலும் கசகசா போதைப் பொருளோடு சேர்த்து எண்ணப்படுகிறது. ஒரு பொட்டலத்துக்காகச் சிறைக்கதவு வரை போகவேண்டியிருக்கும். மருந்து மாத்திரை கொண்டுபோனால் மருத்துவர் சீட்டும் கூடவே இருக்கட்டும். ‘என் தம்பிக்கு இந்தப் பார்சலைக் கொடுத்துவிடு’ என்று விமான நிலையத்தில் அறிமுகமாகும் அண்ணனிடம் எதையும் வாங்காதீர்கள். குளிர் நாட்டுக்குப் போவோர் இங்கேயே கம்பளி வாங்கிச் சுமக்கவேண்டியதில்லை. அங்கே பழைய துணிக்கடைகளில் அந்த நாட்டுக் குளிருக்கு ஏற்றது மலிவாகக் கிடைக்கும். முதல் மாதச் சம்பளம் வரும்வரை சாப்பிடுவதற்கான பணத்தை எடுத்துச் செல்லுங்கள். இதைச் செய்யாதவன் அங்கேயும் முதல் வாரத்திலேயே கடன்காரனாகிறான்.

பணம் அனுப்புவதைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசிவிடுகிறேன். சிலர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. உண்டியல் வழியாக அனுப்பாதீர்கள். வங்கி வழியாக அனுப்புங்கள். மனைவி பெயரில் தனிக் கணக்கு திறந்துவிட்டுப் போங்கள். அண்ணன் கணக்குக்கு அனுப்பி, அண்ணி கொடுக்க, தம்பி மனைவி கைநீட்டி வாங்கும் வீடுகளில் நடந்ததைப் பஞ்சாயத்துப் பேசிப் பேசி எனக்கு அலுத்துவிட்டது. சங்கத்தில் நாம் சமத்துவம் பேசுகிறோம். அது வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கத்திலும் இருக்கட்டும்.

குடும்பத்தோடு குடியேறுவோர்க்குத் தாள்களைக் காப்பது இன்னும் இன்றியமையாதது. 1948-ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தபோது தந்தையும் அந்நாட்டிலே பிறந்தவர் என்பதற்குச் சான்று கேட்டார்கள். தோட்டத்து லயத்தில் பிறந்தவனுக்குப் பிறப்புச் சான்று எங்கே இருக்கும்? மூன்று தலைமுறை தேயிலை பறித்தவர்கள் ஒரே சட்டத்தில் நாடற்றவர் ஆயினர். 1964-இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று கணக்கிட்டுப் பிரித்தது. அவர்களுள் பெரும்பாலோர் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று உங்களுக்குத் தெரியும். பர்மாவிலிருந்து 1960-களில் திரும்பியவர்கள் கையோடு கொண்டுவர முடிந்தது எவ்வளவு என்பதைச் சென்னைக் கடற்கரைச் சாலையில் பர்மா பஜாரைத் தொடங்கியவர்கள் அறிவார்கள். ஆகையால், அயல்நாட்டில் உங்களுக்குக் குழந்தை பிறந்தால் ஓராண்டுக்குள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்யுங்கள். 2004 டிசம்பர் முதல், பதிவு செய்யாத குழந்தைக்கு இந்தியக் குடியுரிமை தானாக வருவதில்லை. அந்த நாடும் குடியுரிமை தராவிட்டால் குழந்தை லயத்துப் பிள்ளையின் நிலைக்கு வந்துவிடும்.

அங்கே போனால் சாதி இராது என்று எண்ணிப் போகிறவர்கள் உண்டு. வெள்ளைக்காரனுக்கும் அரபிக்கும் நம் சாதி தெரியாது என்பது உண்மைதான். ஆனால் பக்கத்துக் கட்டிலில் படுப்பவரும், மேலதிகாரியாக அமர்பவரும் நம் ஊர்க்காரராக இருக்கும்போது, ‘எந்த ஊர், எந்தத் தெரு?’ என்னும் கேள்வி எந்த நாட்டிலும் வந்துவிடுகிறது. அமெரிக்காவின் சியாட்டில் நகர மன்றம் 2023-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்து சட்டம் இயற்றியது ஏன்? அங்கே அது இருந்ததால்தான். அதே ஆண்டு கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய அத்தகைய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பிவிட்டார். எனவே, செல்லும் ஊரில் அம்பேத்கர் பெயரில் சங்கம் இருக்கிறதா என்று முன்னதாக விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். அறை தேடவும், வேலை தேடவும், காய்ச்சலில் கிடக்கும்போது கஞ்சி வைத்துக் கொடுக்கவும் அவர்கள் உதவுவார்கள்.

நேரமாகிவிட்டது, செயலாளர் மணியைத் தொட்டுப் பார்க்கிறார். ஓர் அறிவிப்போடு முடிக்கிறேன். அடுத்த மாதம் தொடங்கி, ஞாயிறுதோறும் காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை சங்க நூலக அறையில் நான் இருப்பேன். பாஸ்போர்ட் விண்ணப்பிக்க இருப்பவர்களும், ஒப்பந்தத் தாள் வந்திருப்பவர்களும், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர்களும் உள்ள சான்றுகளையெல்லாம் எடுத்து வரலாம். முகவரிடம் பணம் கட்டுமுன் வாருங்கள். நகலை மட்டும் கொண்டுவாருங்கள். அசலை என்னிடம்கூடக் கொடுக்காதீர்கள். மே, ஜூன் மாதங்களில் பிறந்தவர்கள் முதலில் வரவேண்டுகிறேன். அவற்றுள் சில என் கையெழுத்தாக இருக்கக்கூடும்.